ஒருவர் மட்டுமே பார்க்கலாம்

கணவன் நன்றி சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்துதான் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சிரிக்காதீர்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் "இவ்வளவு நேரமா?" என்பார். சட்டையைத் தேய்த்துக் கொடுத்தால் "காலர்ல மடிப்பு இருக்கு" என்பார். அன்பில்லாதவர் என்று சொன்னால் அது பாவம். அன்பு ஒரு பக்கம் இருக்கும், நாக்கு ஒரு பக்கம் இருக்கும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பாள். அப்படித்தான் அந்தக் குடும்பம் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நரம்பில் ஒரு நோய் வந்தது. முதலில் விரல்கள், பிறகு கால்கள், அப்புறம் அந்தப் பொல்லாத நாக்கு. இப்போது படுக்கையில் அசைவது கருவிழி மட்டும்தான். கண்ணிமைகூட இரண்டு மாதமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வீட்டோடு இருக்கும் நர்ஸ் சிஸ்டர்தான் மருந்து விட்டு இமையை மூடுவார், திறப்பார். மூச்சு, முகத்தில் வாரால் கட்டிய மாஸ்க் வழியாக இயந்திரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

பேச்சுக்கு அவரே வழி செய்துவைத்திருந்தார். அவரும் கம்ப்யூட்டர்காரர்தானே. நாக்கு போவதற்கு முன்பே நாலாயிரம் வாக்கியங்களைத் தன் குரலில் பதிவு செய்து, அந்தக் குரலில் பேசும் ஒரு புரோகிராமையும் எழுதி முடித்துவிட்டார். படுக்கைக்கு எதிரே எழுத்துப் பலகை போல ஒரு திரை, அதன் மேல் ஒரு கேமரா. விழி எந்த எழுத்தில் நிற்கிறதோ அந்த எழுத்தைக் கேமரா பிடித்து அனுப்பும். குரல் புரோகிராம் அதை வாங்கிக் கோர்த்துப் பேசும். எழுத்து எழுத்தாகச் சொல்லி மாளாது என்பதால், ஒன்றிரண்டு எழுத்து வந்ததுமே மிச்சத்தைத் தானே ஊகித்து நிரப்பவும் அதற்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மின்சாரம் போய்த் திரும்பி வந்த அன்று, அந்தக் குரல் சொன்னது: "சிஸ்டர், தலையணையைக் கொஞ்சம் உயர்த்துங்க. நன்றி."

சிஸ்டருக்கு வாயெல்லாம் பல். "சார் எவ்வளவு தன்மையா பேசுறாரு பாருங்க மேடம்!"

குரல் அவருடையதுதான். அந்த லேசான கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியில் விழும் அலுப்பு எல்லாம் அவருடையது. ஆனால் அந்த 'நன்றி' யாருடையது?

இது வெறும் மனக்குடைச்சலாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். போன வாரம் டாக்டர் வந்தார். மாஸ்க் இனி அதிக நாள் தாங்காது, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் இன்னும் சில வருஷங்கள் இருக்கலாம், இல்லையென்றால் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். பிறகு கேட்டார்: "என்ன சார், ஆபரேஷன் பண்ணிடலாமா?"

"வேண்டாம்," என்றது குரல். "நன்றி."

டாக்டர் எழுந்துகொண்டார். "அவசரமில்ல சார், யோசிங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். அன்னைக்கும் இதே பதில்தான்னா பேப்பர்ல எழுதிக்கலாம்."

அவர் போனதும் அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, நிஜமாவே வேண்டாமா?"

"ஆமாம். நன்றி."

அவர் வேண்டாம் என்றால் அழுதுகொண்டாவது அவள் ஒப்புக்கொள்வாள். அது அவர் உடம்பு, அவர் முடிவு. ஆனால் சொன்னது அவர்தானா? எழுத்துகள் எழுதிய ஒரு காகிதப் பலகையை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அந்தத் துளி அசைவு எந்த எழுத்தில் நிற்கிறது என்று மனிதக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இருக்கிற ஒரே வாய் அந்தப் புரோகிராம். அந்த வாயையே சந்தேகப்பட்டால் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. அன்று அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை.

அவளுடைய வேலை என்னவென்று கேட்டால் நம்பமாட்டீர்கள். ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை இன்னொரு புரோகிராம் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் இடத்தைக் கவனித்துக்கொள்வதுதான் அவள் வேலை. கம்ப்யூட்டரின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதுதான் வீட்டுக்காரர். பார்க்க வருகிறவனை அது நிறுத்திக் கேள்வி கேட்கும். நீயும் அதுவும் ஒரே சொந்தக்காரருடையவையா? அது தன் கதவைச் சாத்திவைத்திருக்கிறதா? நீ அதைப் பெற்றவனா, அதாவது தொடங்கிவைத்தவனா, இல்லை அதுவே உன் பேரைச் சொல்லி உள்ளே விடச் சொல்லியிருக்கிறதா? கம்ப்யூட்டருக்குப் பொறுப்பான நிர்வாகி என்று சொன்னால் இந்தக் கேள்விகளை எல்லாம் தாண்டிப் போய்விடலாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் எந்தக் கொம்பனும் தாண்ட முடியாது: ஏற்கெனவே வேறு யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? ஒரு புரோகிராமைப் பார்க்க ஒரே ஒரு நாற்காலிதான். அதில் ஆள் இருந்தால் வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இதை அவள் எட்டு வருஷமாகக் கட்டிக் காத்துவந்ததால் அலுவலகத்தில் அவளுக்கு 'வாட்ச்மேன்' என்று பெயர். கணவருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போய், வீட்டிலும் அதே பெயர்தான்.

காலை பதினொரு மணிக்கு அவருடைய அறையிலேயே மூலையில் மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய கம்ப்யூட்டருக்குள் நிர்வாகியாக நுழைந்தாள். குரல் புரோகிராமைப் பார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டாள்.

அனுமதி இல்லை, என்றது கெர்னல்.

"எனக்கேவா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

நிர்வாகிக்கே அனுமதி இல்லையென்றால் நாற்காலியில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். குரல் புரோகிராமின் விவரங்களை எடுத்துப் பார்த்தாள். 'பார்ப்பவர்' என்ற வரியில், யாரும் இல்லாவிட்டால் பூஜ்யம் இருக்கும். அங்கே 4417 என்று இருந்தது. ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் கெர்னல் கொடுக்கும் எண்தான் அது.

யாரந்த 4417? தேடினாள். அதற்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. குரல் புரோகிராமே தொடங்கிவைத்தது, அதாவது அது பெற்ற பிள்ளை. மூன்று வாரமாக, மின்சாரம் திரும்பி வந்த அந்த நிமிஷத்திலிருந்து, கண்கொட்டாமல் தன் தாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இவருடைய குசும்புதான், என்று நினைத்துக்கொண்டாள். தோளுக்குப் பின்னால் நின்று யாராவது எட்டிப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியாள் பார்க்கக்கூடாது என்பதற்காகத் புரோகிராமின் பிள்ளையையே நாற்காலியில் உட்காரவைப்பது தொழிலில் ஒரு பழைய தந்திரம்தான். ஆனால் அவர் எழுதிய புரோகிராமின் மூலப் பிரதி அவளிடம் இருந்தது. வரி வரியாகப் படித்துப் பார்த்தாள். பிள்ளை பெறும் வரி எதுவும் அதில் இல்லை.

படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விழி திரையில் இருந்தது. மாஸ்க் மெல்ல உஸ்ஸென்றது. அவளுக்கு அங்கே உட்காரவே பிடிக்கவில்லை. நாலு மணிக்கு டாக்டர் வந்துவிடுவார்.

4417-ஐக் கொன்றாள். அந்தத் தொழிலில் புரோகிராமை முடித்துவைப்பதைக் கொல்வது என்றுதான் சொல்வார்கள். 'பார்ப்பவர்' வரி பூஜ்யமானது. உடனே அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை கெர்னல் வழிவிட்டது. பார்க்கப்படும் புரோகிராம் நின்ற இடத்தில் அப்படியே நிற்கும். பார்ப்பவர் 'போ' என்று சொன்னால்தான் மறுபடி அசையும். குரல் புரோகிராம் பதினொன்று இருபதுக்கு நின்றது.

சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. மருந்துக் கடைக்காரர். "மேடம், நீங்க கேட்ட மாஸ்க் வார் வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இன்னொருத்தர் வந்து நிக்கிறாரு, உடனே வந்தீங்கன்னா தர்றேன்."

பழைய வார் தொய்ந்துபோய் இரண்டு நாளாக நழுவிக்கொண்டே இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிட்டாள். "பத்து நிமிஷம், வந்துடறேன். அவரைப் பார்த்துக்கோங்க."

"நீங்க போயிட்டு வாங்க மேடம். பின்னாடி துணி போட்டிருக்கேன். சார் கூப்பிட்டா ஓடி வந்துடறேன்."

போய்விட்டாள்! எட்டு வருஷம் அந்த வாசலைக் காத்த வாட்ச்மேன், புரோகிராமை நிறுத்திவைத்துவிட்டு, 'போ' என்று சொல்லாமலேயே போய்விட்டாள்.

கடையில் கூட்டம். அவள் வாரை வாங்கிப் பையில் போடும்போது கடைக்காரர் யாரிடமோ கத்தினார். "ஏங்க, வண்டியைக் குறுக்கே நிறுத்திட்டு அப்படியே வந்துட்டா எப்படிங்க? மத்தவங்க போக வேண்டாமா?"

நிறுத்திட்டு அப்படியே வந்துட்டா. மாஸ்க் நழுவினால் அவர் கூப்பிடுவார். விழியால் எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுப்பார். கேமரா ஒழுங்காக அனுப்பும். வாங்கிப் பேச வேண்டியது நின்றுபோயிருக்கிறது. சிஸ்டர் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டு, சார் கூப்பிட்டால் ஓடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். சார் கூப்பிடவே மாட்டார்.

சிஸ்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடினாள். நாற்பத்து மூன்று வயதில், அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் யோசிக்காமல் ஓடினாள். பாவி, பாவி, உன் கையாலேயே அவர் வாயைக் கட்டிட்டு வந்தியேடி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. சிஸ்டர் ஈரக் கையோடு கட்டிலருகே நின்று மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் சீராக உஸ்ஸென்றது. அவர் முகத்தில் நீலம் தணிந்துகொண்டிருந்தது.

"வார் கழண்டிருச்சு மேடம். நல்லவேளை, சார் கூப்பிட்டாரு. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னே தெரியல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு அடங்கிய பிறகுதான் சிஸ்டர் சொன்னது காதில் ஏறியது.

"யாரு கூப்பிட்டது?"

"சார்தான்."

"என்னன்னு கூப்பிட்டாரு?"

"'சிஸ்டர், சீக்கிரம் வாங்க. மாஸ்க் நழுவிடுச்சு. நன்றி' அப்படின்னு. அந்த நேரத்துலயும் நன்றி சொல்றாரு பாருங்க, தங்கமான மனுஷன்."

அவள் எழுந்து மேசைக்குப் போனாள். திரையில் எதுவும் மாறவில்லை. குரல் புரோகிராம் பதினொன்று இருபதுக்கு நின்ற அதே வரியில் நின்றுகொண்டிருந்தது. 'பார்ப்பவர்' வரியில் அவளுடைய எண்தான் இருந்தது. கடைசியாகப் பேசிய நேரம் பதினொன்று நாலு என்று பதிவாகியிருந்தது. ஒலிபெருக்கிக்கு அந்தப் புரோகிராமைத் தவிர வேறு எதுவும் பேச வழியில்லை. ஒயர் ஒன்றே ஒன்றுதான்.

நின்றுபோன வாய் பேசாது. இது அவளுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

வாரை மாற்றி இறுக்கிக் கட்டினாள். பிறகு மறுபடி மேசைக்கு வந்து, எதற்காக இந்த வம்பை விலைக்கு வாங்கினாளோ அதைப் பார்த்தாள். புரோகிராமின் நினைவில் இரண்டு பட்டியல்கள் இருந்தன: அவர் விழி தேர்ந்தெடுத்த எழுத்துகள் ஒரு பக்கம், குரல் பேசியவை இன்னொரு பக்கம். போன வாரம் டாக்டர் கேள்வி கேட்ட நேரத்தைத் தேடிப் போனாள்.

அவர் தேர்ந்தெடுத்த முதல் எழுத்து 'வே'.

அந்த ஒரு எழுத்து வந்ததுமே குரல் பேசி முடித்துவிட்டது: 'வேண்டாம். நன்றி.' அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்த இரண்டு எழுத்துகள் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தன: 'ணு', 'ம்'.

வேணும்.

அவர் வேணும் என்றுதான் சொன்னார். 'நிஜமாவே வேண்டாமா' என்று இவள் கேட்டதற்கு, 'ஆபரேஷன் பண்ணு' என்று சொல்லத்தான் 'ஆ'வைப் பார்த்தார்; மிச்ச எழுத்துகளும் எறியப்பட்டுக் கிடந்தன. குரல் 'ஆமாம். நன்றி' என்று முந்திக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க வே, வே, வே. எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தொரு தடவை. பல் துலக்கும்போது, மருந்து கொடுக்கும்போது, அவள் செய்தித்தாள் படித்துக் காட்டும்போது. ஒவ்வொரு தடவையும் அவருடைய சொந்தக் குரலே அவர் முகத்துக்கு எதிரே வேண்டாம் என்று சொல்லி, நன்றியும் சொல்லியிருக்கிறது. இவளும், "புரியுதுங்க, வேண்டாம்னா வேண்டாம், அலட்டிக்காதீங்க" என்று நெற்றியைத் தடவிக் கொடுத்திருக்கிறாள்.

அவள் அழுதாள். கோபமா துக்கமா என்று பிரிக்க முடியாத அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊகிக்கும் பகுதியை நினைவிலேயே பூஜ்யமாக்கி அணைத்தாள். பிறகு 'போ' என்றாள்.

நின்றிருந்த புரோகிராம் அசைந்தது. அது நின்றிருந்த நேரத்தில் அவர் தேர்ந்தெடுத்த எழுத்துகள் எல்லாம் வாசலில் வரிசையாகக் காத்திருந்தன. அவை ஒவ்வொன்றாக உள்ளே போயின. குரல் சொல் சொல்லாகப் பேச ஆரம்பித்தது, ஒப்பனை எதுவும் இல்லாமல்.

"மாஸ்க். மாஸ்க். சிஸ்டர். எங்கடி போன வாட்ச்மேன். மூச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினாறு வருஷமாகக் கேட்ட பேச்சு. இதுதான் அவர். உள்ளேதான் இருந்திருக்கிறார், அத்தனையும் கேட்டுக்கொண்டு. குரல் கொஞ்சம் நின்றது. பிறகு மிச்ச எழுத்துகளையும் பேசியது.

"யாரு அது. நான் கூப்பிடல. என் குரல். நான் இல்ல."

சிஸ்டர் சிரித்தார். "சார், நீங்கதான கூப்பிட்டீங்க! நான் காதாலயே கேட்டேனே."

அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அது கிடக்கட்டும். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. தொண்டையில துளை போடலாமா?"

கருவிழி நகர்ந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு யுகம் ஆனது. யாரும் முந்திக்கொள்ளவில்லை.

"வேணும்." சற்றுப் பொறுத்து, "ஒரு வாரமா கத்தறேன். செவிடு."

"செவிடுதான்," என்றாள் அவள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நாலு மணிக்கு டாக்டர்கிட்ட இதையே சொல்லுங்க. திட்டாம சொல்லுங்க."

அவருக்குக் களைப்பு. டாக்டர் வரும்வரை தூங்கட்டும் என்று சிஸ்டர் கண்ணில் மருந்து விட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனார். அறையில் மூச்சு இயந்திரத்தின் உஸ் மட்டும் இருந்தது. ஜன்னலில் நல்ல வெயில்.

அவள் மேசைக்கு வந்தாள். பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று. நாற்காலியை விட்டு எழுந்தாள். அதாவது, தன் பார்வையை விலக்கிக்கொண்டாள். 'பார்ப்பவர்' வரி பூஜ்யமாக வேண்டும்.

பூஜ்யம் ஆனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 4417 ஆனது.

செத்த எண் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. எண்கள் ஏறிக்கொண்டேதான் போகும். அதுவும் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். கட்டளையை அடித்துவிட்டாள், கொல்வதற்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முறைப்படி அதைத்தான் செய்ய வேண்டும். அனுமதி வாங்காமல் இன்னொன்றின் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று எட்டு வருஷம் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவள் அவள்.

விரல் பொத்தான் மேலேயே நின்றது. முறைப்படி நடந்திருந்தால் இந்நேரம் அந்தக் கட்டிலில் மூச்சு இருந்திருக்காது. அவள் முறைப்படி உட்கார்ந்து, முறைப்படி நிறுத்தி, கடைக்குப் போய்விட்டாள். போகாமல் இருந்தது அது ஒன்றுதான்.

கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு, யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்களே என்று வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"இங்க பாரு. நீ யாருன்னு நான் கேக்கமாட்டேன். பார்க்கலாம், அதுக்கு அனுமதி உண்டு. அவருக்குப் பதிலா நீ பேசக்கூடாது, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தைகூட. அவருக்கு மூச்சு நின்னா மட்டும் கூப்பிடு. நான் இல்லாதப்போ பார்த்துக்கோ."

அறை அப்படியே இருந்தது. பஞ்சுக்கு அடியில் அவர் கண்கள் மூடியிருந்தன. கேமராவின் சின்ன விளக்கு, விழி எதுவும் தெரியவில்லை என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"சரி," என்றது அவருடைய குரல். "நன்றி."